நன்கொடை கேட்கக் கூச்சப்படும் தன்னார்வலர்களை எப்படித் தயார் செய்வது?

கேள்வி: மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் சிறு அறக்கட்டளை எங்களுடையது. பாடம் எடுக்க ஓடி வருபவர்கள், நன்கொடை கேட்கச் சொன்னால் நழுவுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: கூச்சம் என்று சொல்வதில் பெரும்பகுதி, எதிரில் இருப்பவர் திருப்பிக் கேள்வி கேட்டால் என்ன சொல்வது என்ற பயம்தான். அதனால் முதலில் கணக்கைக் கையில் கொடுங்கள். 40 பிள்ளைகள், மாதம் 24 நாள், பிள்ளைகளுக்கு மாலையில் தரும் ஒரு கிண்ணம் சுண்டல் 10 ரூபாய் என்றால் மாதம் 9,600. ஒரு பிள்ளைக்கு 240. "ஏதாவது உதவி பண்ணுங்க" என்று இழுப்பவர்கூட, "ஒரு பிள்ளைக்கு ஒரு மாசச் சுண்டல் 240 ரூபாய்" என்று தயங்காமல் சொல்வார்.

அடுத்து வரிச்சலுகை. இங்கேதான் நிறையப் பேர் தவறாக வாக்குக் கொடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். நன்கொடை தருபவருக்கு வருமான வரியில் கழிவு பெற்றுத்தரும் பதிவு (80ஜி என்று அறியப்படுவது) உங்களிடம் இருந்தாலும், பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மட்டுமே அந்த வரிக்கழிவு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அதுவும் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்திலும் கவனம் வேண்டும்: சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் இந்தியக் குடிமகனாக இருந்தால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து தருவதை வாங்கலாம். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் என்றால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

பிறகு இருவர் இருவராக உட்காரவைத்து இருபது நிமிடம் ஒத்திகை. ஒருவர் கொடுப்பவர், ஒருவர் கேட்பவர். தொகையைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்ளப் பழக்குங்கள். புதியவர்களுக்கு அந்த நான்கைந்து நொடி மௌனம் தாங்காது. எதிரில் இருப்பவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே "இல்லைன்னாலும் பரவாயில்லைங்க" என்று தாங்களே கதவைச் சாத்திவிடுவார்கள். "இப்ப முடியாது" என்ற பதிலுக்கு "சரிங்க, நேரம் ஒதுக்கிக் கேட்டதுக்கு நன்றி" என்று எழுந்து வருவதையும் சொல்லிப் பார்க்க வேண்டும்.

முதல் நாள் தெரிந்தவர்கள் ஐந்து பேர் போதும், பழகியவர் ஒருவர் துணையோடு. இலக்கு ரூபாயில் வேண்டாம். எத்தனை பேரிடம் கேட்டோம் என்பதே இலக்கு. அப்போதும் தயங்குபவரைத் தள்ளாதீர்கள், போன வருடம் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லிப் போன் செய்யும் வேலையைக் கொடுங்கள். கேட்பதற்கு அதைவிட நல்ல முன்பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

பணம் அறக்கட்டளைப் பெயரிலுள்ள கணக்கின் க்யூஆர் அட்டை வழியாக மட்டுமே வரட்டும், தன்னார்வலரின் சொந்த எண்ணுக்கு வேண்டவே வேண்டாம். ரொக்கமென்றால் வரிசை எண்ணிட்ட ரசீதைக் கார்பன் வைத்து அங்கேயே எழுதி, அன்று மாலையே இருவர் எண்ணிக் கையெழுத்திட வேண்டும். கணக்கில் நூறு ரூபாய் குறைந்து, பழி தன் தலையில் விழுந்தால் அந்தத் தன்னார்வலர் மறுபடி வரமாட்டார்.