ஜூலையில் கான்கால்: சிப்பியைப் பச்சையாகச் சாப்பிடலாமா?

கேள்வி: பாரிஸில் வசிக்கிறோம். ஜூலையில் வடமேற்குப் பிரான்சின் பிரெத்தாஞ் கரையிலுள்ள கான்கால் துறைமுகத்துக்குக் குடும்பத்துடன் செல்கிறோம். பெயரில் ‘ஆர்’ எழுத்து இல்லாத மே முதல் ஆகஸ்ட் வரையான மாதங்களில் ஓய்ஸ்டர் சிப்பி கூடாது என்கிறார்களே? உடன் வரும் என் மாமனாருக்குச் சர்க்கரை நோயும் கல்லீரல் கோளாறும் உண்டு.

பதில்: உடல்நலம் சரியாக உள்ளவர்கள் ஜூலையிலும் சாப்பிடலாம். உங்கள் மாமனார் எந்த மாதத்திலும் சிப்பியைப் பச்சையாக உண்ணக் கூடாது.

அந்த மாதக் கணக்கு, குளிர்பதன வசதி இல்லாத காலத்தில் பிறந்தது. கோடையில் இனப்பெருக்கத்தால் சிப்பியின் சதை பால் கட்டிக் கொழகொழப்பாக இருக்கும். அது சுவைக் குறைவே தவிர நஞ்சு அன்று. அதை விரும்பாதவர்களுக்காகப் பால் கட்டாத ‘ட்ரிப்ளாயிட்’ வகையை வளர்க்கிறார்கள். ஆனால் அதைக் கூடையின் விவரச் சிட்டையில் குறிப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாங்குபவர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். இது என்ன நியாயமோ! ‘ஆர்’ உள்ள மாதம் காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம்: 2023 டிசம்பர் இறுதியில், பண்டிகை விற்பனையின் நடுவே, வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ வைரஸ் காரணமாகத் தென்மேற்குப் பிரான்சின் ஆர்க்கஷோன் வளைகுடாச் சிப்பிகளின் விற்பனையையே தடைசெய்தார்கள்.

நீங்கள் அஞ்ச வேண்டியது மாதத்தை அல்ல, சிட்டை இல்லாத கூடையை. ஒவ்வொரு கூடையிலும் நீள்வட்ட முத்திரையும் பொதியிட்ட நாளும் கொண்ட சுகாதாரச் சிட்டை இருக்க வேண்டும். காலாவதித் தேதிக்குப் பதிலாக ‘விற்கும்போது உயிருடன் இருக்க வேண்டும்’ என்ற ஒரு வரி போதும் என்று சட்டம் விட்டுவிட்டதால், பொதியிட்ட நாளை நீங்களே பாருங்கள். கூடையைப் பிரித்து டசன் கணக்கில் விற்கும் கடைக்காரர் அந்தச் சிட்டையைக் குறைந்தது 60 நாள் பாதுகாக்க வேண்டும். காட்டத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். பொதியிட்டு அனுப்பிய சிப்பியை மீண்டும் நீரில் அமிழ்த்துவதும் அதன்மேல் நீர் தெளிப்பதும் ஐரோப்பியச் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. ஆயினும் வாடிய சரக்கைப் புதியதாகக் காட்டுவதற்கு இடைத்தரகர்கள் சிலர் அப்படிச் செய்யக் கூடும்.

ஆகவே, கான்காலின் லா ஹூல் துறையில் கலங்கரை விளக்கத்தின் அருகே வளர்ப்பவர்களே நடத்தும் கடைகளுக்குச் செல்லுங்கள். சிப்பியின் அளவை எண்ணால் குறிப்பார்கள்; எண் கூடக் கூட அளவு சிறியது. முதன்முறை உண்பவருக்கு 66 முதல் 85 கிராம் எடையுள்ள 3ஆம் எண் ஏற்றது. உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லி, சதையின் கருத்த விளிம்பைக் கத்திமுனையால் தொடச் சொல்லுங்கள்; அது உள்ளிழுத்துச் சுருங்கினால் உயிர் இருக்கிறது.

மாமனார் விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். வெதுவெதுப்பான கடல்நீரில் பெருகும் விப்ரியோ பாக்டீரியாவில் ஒரு வகை, கல்லீரல் நோயாளியின் இரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் உயிரையே பறிக்கக் கூடும். சர்க்கரை நோயும் அந்த ஆபத்தைக் கூட்டுகிறது. அந்த பாக்டீரியா உள்ள சிப்பியில் நாற்றமோ நிறமாற்றமோ இராது. எலுமிச்சைச் சாறும் வினிகரும் வெள்ளை ஒயினும் அந்த பாக்டீரியாவைக் கொல்லா. ‘ஒன்றே ஒன்று’ என்று உபசரிப்பவர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள். மேலே சீஸ் தூவி லேசாகச் சூடேற்றிய சிப்பியும் அவருக்கு வேண்டாம். மோன் சேன் மிஷேல் வளைகுடாவில் மரக்கழிகளில் வளரும் மஸ்ஸல் என்னும் வேறு வகைச் சிப்பியை, ஓடு திறந்த பின்னும் மூன்று முதல் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டுக் கொடுங்கள். நன்கு வெந்த நண்டும் தரலாம்.

பாரிஸுக்கு எடுத்து வருவதானால், குழிந்த ஓடு கீழே இருக்கும்படி கூடையைச் சாய்க்காமல், ஈரத்துணி போர்த்திக் குளிர்ச்சியாக வையுங்கள். ஐஸ் உருகிய நன்னீர் தேங்கினால் சிப்பி செத்துவிடும்.