ஹெக்டரின் ஓட்டம்

அன்புள்ள ஐயா,

'டிராய்' படம் பார்த்த வேகத்தில், டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட்டை மொழிபெயர்ப்பில் படித்தேன். மரக்குதிரையும் கிரேக்க வீரன் அக்கிலீஸின் சாவும் கவிதையில் இல்லை. கவிதையில் பிழைத்திருக்கும், ஹெலனின் கணவன் மெனெலாஸைப் படத்தில் டிராய் இளவரசன் ஹெக்டர் கொல்கிறான். தெய்வங்களையும் ஏறக்குறைய காணோம். இப்படி மாற்றலாமா?

ம.

அன்புள்ள ம.,

மாற்றலாம். கிரேக்கர்களே மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். கி.மு. 412-ல் அரங்கேறிய, கிரேக்க நாடகாசிரியர் யூரிபிடிஸின் நாடகத்தில், எவளுக்காகப் போர் நடந்ததோ அந்த ஹெலன் டிராய்க்குப் போகவே இல்லை, எகிப்தில் இருக்கிறாள். பத்தாண்டுகள் இரு படைகளும் மடிந்தது அவளைப்போன்ற ஒரு மாய உருவத்துக்காக. இதற்குமுன் மெனெலாஸ் சாவதெல்லாம் சின்ன விஷயம்.

என் வருத்தம் 22ஆம் காண்டத்தைப் பற்றியது. மதில்மேல் நின்று தாயும் தந்தையும் கெஞ்சியும் ஹெக்டர் கோட்டைக்குள் வரவில்லை. ஆனால் அக்கிலீஸ் நெருங்கியதும் நடுக்கம் பிடித்து ஓடுகிறான். டிராயின் முதல் வீரன், ஊரே பார்த்திருக்கப் புறமுதுகிட்டு, மூன்று முறை நகரைச் சுற்றி ஓடுகிறான். வழியில் இரண்டு ஊற்றுகள். ஒன்றில் ஆவி பறக்கும் வெந்நீர், மற்றதில் கோடையிலும் பனிக்கட்டிபோல் சில்லிட்ட நீர். அருகே அகன்ற கல்தொட்டிகள். கிரேக்கர் வருவதற்குமுன் டிராய்ப் பெண்கள் துணி துவைத்த இடம் என்கிறார் ஹோமர். ஒருவன் உயிருக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது துவைக்கும் தொட்டியைக் காட்ட எவ்வளவு துணிவு வேண்டும்! எனக்கு டிராய் அந்த வரிகளிலேயே விழுந்துவிட்டது.

2004-ல் வுல்ஃப்காங் பீட்டர்சன் எடுத்த படத்தில் ஹெக்டர் ஓடுவதில்லை. ஹெக்டராக நடித்த எரிக் பானா நிமிர்ந்து நின்று போரிட்டுச் சாகிறார். சண்டை நன்றாகவே இருக்கிறது. ஆனால் பயந்த ஹெக்டரைத்தான் நான் நேசித்தேன்.

தெய்வங்கள் இல்லாத குறையும் இங்கேதான் உறுத்துகிறது. தம்பி டெய்ஃபோபஸ் துணைக்கு வந்துவிட்டான் என்று நம்பித்தான் ஹெக்டர் ஓட்டத்தை நிறுத்துகிறான். வந்தவள் தம்பி உருவில் அத்தீனா. எறிந்த ஈட்டி கேடயத்தில் பட்டுத் தெறிக்க, இன்னொன்று கேட்டுத் திரும்புகிறான். அருகில் யாருமில்லை. அந்தக் கணத்தில் அவனுக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. அத்தீனா இல்லாத படத்தில் இந்தத் திரும்பலுக்கு இடமே இல்லை.

இருந்தும் படத்தைத் தள்ளிவிட மனம் வரவில்லை. ஹெக்டரின் தந்தை பிரையமாக நடித்த பீட்டர் ஓ'டூல் காரணம். கிழட்டு அரசன் பிரையம் இரவில் வந்து, மகனைக் கொன்ற அக்கிலீஸின் கைகளை முத்தமிடுகிறான். கவிதையில் ஹெர்மிஸ் வழிகாட்டுகிறான், படத்தில் பிரையம் தனியே வருகிறான். அங்கே தெய்வம் இல்லாதது எனக்குத் தோன்றவே இல்லை.

24ஆம் காண்டத்தின் அந்தப் பகுதியை மறுபடி படியுங்கள். இருவரும் சேர்ந்து அழுதபின் ஆடு அறுத்துச் சமைத்து ஒன்றாக உண்கிறார்கள். உண்டு முடித்ததும் ஒருவரையொருவர் வியந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.