மீன்வாயில் சிமென்ட்

அன்புள்ள ஐயா,

அலுவலக வேலையாகச் சீனாவிலுள்ள செங்டு நகருக்குப் போயிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை டூஜியாங்யானையும் எட்டிப் பார்த்தேன். 2,200 ஆண்டுப் பழமையான பாசன அமைப்பு என்கிறார்கள். ஆனால் மின் (Min) என்கிற ஆற்றை இரண்டாகப் பிரிக்கும் அந்த 'மீன்வாய்' முழுக்க சிமென்ட். பிரியும் கிளைகளில் ஒன்றான வெளியாற்றில் நம் காலத்து மதகு. கோயிலில், இதையெல்லாம் அமைத்தவர் என்று சொல்லப்படும் லி பிங்குக்கு ஊதுபத்தி. இதில் பழையது எது? சுற்றுலாவுக்காகச் சொல்லும் கதையா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

சிமென்ட் பழையதில்லை, 1936இல் போட்டது. 1933இல் ஆற்றின் மேல்பகுதியிலுள்ள டியெஷியில் நிலநடுக்கம் வந்து, மலை சரிந்து ஆறு ஏரியாகத் தேங்கியது. சில வாரங்களில் அது உடைத்துக்கொண்டு வந்த வெள்ளத்தில் மீன்வாய் போய்விட்டது. அதற்கு முன்பும் எத்தனையோ முறை போயிருக்கிறது. போகும் என்று தெரிந்தே கட்டியதுதான் அது.

கி.மு. 256 வாக்கில் சின் அரசின் ஆளுநராக இருந்த லி பிங் ஆற்றுக்குக் குறுக்கே அணை எழுப்பவில்லை. நீளமான மூங்கில் கூடைகள் முடைந்து, கூழாங்கற்களை நிரப்பி, ஆற்றின் நடுவே அடுக்கினார்கள். கூடை தண்ணீரைக் கசியவிடும். அடியில் மணல் அரித்தால் தானும் வளைந்து பள்ளத்தில் அமர்ந்துகொள்ளும். ஆனால் மூங்கில் சில ஆண்டுகளில் மக்கிவிடும், மாற்றியாக வேண்டும்.

இந்த ஓயாத வேலை சலித்துப்போய், உறுதியாகக் கட்டிவிடலாம் என்று புறப்பட்டவர்களும் உண்டு. யுவான் அரச வம்சத்தின் காலத்தில் இரும்பில் ஆமை வார்த்து வைத்தார்கள். அடுத்து வந்த மிங் வம்சத்தின் காலத்தில் இரும்பு எருதுகள். எதுவும் நிலைக்கவில்லை. 1877இல் சிச்சுவான் ஆளுநர் டிங் பாவ்சென் கூடைகளை எடுத்துவிட்டுக் கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டினார். அடுத்த வெள்ளத்திலேயே சேதம், அவருக்குப் பதவியிறக்கம். (நம்மூர் ஓட்டல்களிலும் கிடைக்கும் 'குங் பாவ் சிக்கன்' இவருடைய பட்டப்பெயரில் வந்ததுதான். அணையைவிட அது நன்றாக நிலைத்துவிட்டது.)

நீங்கள் பார்த்தவற்றில் லி பிங் காலத்தது என்று கைகாட்டக்கூடியது பாவ்பிங்கோ, மலையை வெட்டித் திறந்த அந்த இடுக்கு. சுமார் 20 மீட்டர் அகலம். வெடிமருந்து இல்லாத காலம். பாறையைத் தீயிட்டுச் சுடவைத்து, தண்ணீர் ஊற்றிப் பிளந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. செங்டு சமவெளிக்குப் போகும் தண்ணீர் இதன் வழியாகத்தான் நுழைய வேண்டும். வெள்ளக் காலத்தில் இடுக்கு கொள்ளாத தண்ணீர் பின்வாங்கி, பக்கத்திலுள்ள தாழ்ந்த கலிங்கின் மேல் வழிந்து, மணலையும் வாரிக்கொண்டு வெளியாற்றில் சேர்ந்துவிடும். அந்தக் கலிங்கின் உயரம் 2 மீட்டர் சொச்சந்தான். கோயில் சுவரில் ஆறே சீன எழுத்துகள் பொறித்திருக்கும்: மணலை ஆழ வாரு, கலிங்கைத் தாழக் கட்டு. எவ்வளவு ஆழம் என்று யாரும் தகராறு செய்யாதிருக்க, படுகைக்கு அடியில் இரும்புத் தண்டுகளைப் புதைத்துவைத்தார்கள். அது தட்டுப்படும்வரை தூர் வார வேண்டும். ஆற்றின் ஒரு பக்கத்தை அடைத்து வாருவதற்கு மர முக்காலிகளை வரிசையாக நிறுத்தி, மூங்கில் பாயும் களிமண்ணும் வைத்துத் தடுப்பார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் முன்னோரை வழிபடும் சிங்மிங் நாளன்று முக்காலிகளைக் கட்டிய கயிற்றை வெட்டி, அவற்றைச் சாய்த்துத் தண்ணீர் விடுவது விழா. 1974இல் மதகு வந்தபிறகு அந்த விழா பெரும்பாலும் வேடிக்கைதான், ஒப்புக்கொள்கிறேன். தூர் வாரும் பழக்கம் வேடிக்கையில்லை. அது விடாமல் நடந்ததால்தான் அந்த மீன்வாய்க்கு 2,200 வயது என்கிறேன்.

ஊதுபத்தி விஷயம். 1974இல் அங்கே வேலை நடந்தபோது ஆற்றுப்படுகையிலிருந்து லி பிங்கின் கற்சிலை ஒன்று கிடைத்தது. உயரம் 2.9 மீட்டர், செதுக்கியது கி.பி. 168இல். அங்கே ஆற்றுக்குள் கல்மனிதர்களை நிறுத்தும் வழக்கத்தைப் பழைய நூல் ஒன்றும் சொல்கிறது: தண்ணீர் வற்றினால் பாதத்துக்குக் கீழே போகக் கூடாது, பெருகினால் தோளுக்கு மேலே ஏறக் கூடாது. கும்பிடுவதும் அளப்பதும் அங்கே ஒரே கல்லில்தான் நடந்திருக்கிறது.