அப்பா இறந்தபின் அரசு வேலை: டிஎன்பிஎஸ்சி எழுதாமல் கிடைக்குமா?

கேள்வி: ஊர் மன்னார்குடிப் பக்கம். வருவாய்த் துறையில் ஓட்டுநராக இருந்த அப்பா, பணியில் இருக்கும்போதே இறந்து 2 வருடம் 5 மாதம் ஆகிறது. நான் பிளஸ் டூ. குரூப் 4 இரண்டு தடவை எழுதியும் கிடைக்கவில்லை. எனக்கு வேலை கேட்டு அம்மா கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தார். பதிலே இல்லை. தேர்வு எழுதாமல் வேலைக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. பணியில் இருக்கும்போது இறந்த அரசு ஊழியரின் குடும்பத்தில் ஒருவருக்குத் தரும் கருணை அடிப்படை நியமனத்துக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு கிடையாது. ஆனால் இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு மிச்சம் 7 மாதம்.

அம்மா கொடுத்த மனுவை நம்பி இருக்காதீர்கள். வேலை யாருக்கோ அவர்தான் உரிய படிவத்தில் கையெழுத்திட்டு, அப்பா கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். தராவிட்டால் அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பின்னால் காலக்கெடு பற்றிக் கேள்வி வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கல்வி, சாதிச் சான்றுகள், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், அம்மா மறுமணம் செய்யவில்லை என்ற சான்று, தாசில்தார் தரும் வறிய நிலைச் சான்று எல்லாம் வேண்டும். கல்யாணமான அக்கா இருந்தால் அவர் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். வறிய நிலைச் சான்றுக்கு விஏஓவும் ஆர்ஐயும் (வருவாய் ஆய்வாளர்) விசாரிப்பார்கள். தாத்தா பெயரில் ஒரு மா நஞ்சை பட்டாவில் இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்கள் பட்டாவையும் பார்ப்பார்கள்.

பெயர் வேறுபாட்டாலும் கோப்பு திரும்பி வரும். பணிப்பதிவேட்டில் 'வீ. கலியபெருமாள்', இறப்புச் சான்றில் 'கலியமூர்த்தி' என்று இருந்தால், இருவரும் ஒருவரே என்று நிரூபிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதனால் முதலில் பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, அதே எழுத்தில் மற்றவற்றை வாங்குங்கள்.

தேர்வுக்குத்தான் விலக்கு, தகுதிக்கு இல்லை. இளநிலை உதவியாளருக்கு 10-ஆம் வகுப்புத் தேர்ச்சி, அலுவலக உதவியாளருக்கு 8. உங்கள் படிப்பு இரண்டுக்கும் போதும். தட்டச்சர் பணி என்றால் தட்டச்சுச் சான்றும் கேட்பார்கள். இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபின் பவானிசாகரில் உள்ள அரசு ஊழியர் பயிற்சி நிலையத்தில் பயிற்சியும் உண்டு.

விண்ணப்பித்ததும் வேலை வராது, காலியிடம் வர வேண்டும். இது வாரிசு உரிமை அல்ல, திடீரென வருமானம் இழந்த குடும்பத்தைத் தாங்கும் ஏற்பாடு என்று உச்ச நீதிமன்றம் 1994-லேயே சொல்லிவிட்டது. ஓய்வு பெற்றபின் இறந்தவரின் பிள்ளைகளுக்கு இந்த வழி இல்லாததும் அதனால்தான். 'சீக்கிரம் முடித்துத் தருகிறேன்' என்று பணம் கேட்பவரால் காலியிடத்தை உண்டாக்க முடியாது, தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

நம் பக்கத்தில் பலர் கேட்கும் இன்னொன்று, நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர் வேலை. அதற்கும் டிஎன்பிஎஸ்சி இல்லை. ஆனால் அது பருவகாலப் பணி. தற்காலிகமாகப் பல ஆண்டு உழைத்ததை மட்டும் வைத்து நிரந்தரம் கேட்க முடியாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2006 உமாதேவி வழக்குத் தீர்ப்பு. குறுவை, சம்பா கொள்முதலில் கைச்செலவுக்கு அது உதவும். அதற்கு முன் கருணை நியமன விண்ணப்பத்தைக் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.