கடன் நோட்டு இருந்தது, குறிப்பு இல்லை

ஐயா, வணக்கம்.

எனக்குத் தொண்டிப் பக்கம். எம்.பி.பி.எஸ். முடித்து மூன்று வருடமாக மதுரையில் டியூட்டி டாக்டராக இருக்கிறேன். ஊரிலேயே கிளினிக் போட ஆசை. ஸ்கேன் மெஷினோடு சேர்த்து நாற்பது லட்சம் கடன் தர வங்கி தயார். ஆனால் நோட்டீஸ் வரும், கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். "முடியாதவர்களிடம் ஃபீஸ் வாங்காதே, கேஸ் வராது" என்கிறார் ஒருவர். மண்டபத்தில் இத்தனை வருடம் கிளினிக் நடத்திய நீங்கள் சொல்லுங்கள், வரலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பிக்கு,

வாருங்கள். இந்தக் கரைக்கு டாக்டர்கள் வேண்டும்.

ஆனால் அந்த ஃபீஸ் யோசனையை நம்பாதீர்கள். 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: சிலரிடம் காசு வாங்கி, சிலரை இலவசமாகப் பார்க்கிற இடத்தில், இலவசமாகப் பார்க்கப்பட்டவரும் நுகர்வோர்தான், அவரும் கேஸ் போடலாம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. காசில்லாதவர் காலும் கால்தானே.

கால் என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போன முதல் வாரம். வலையைக் கொட்டும்போது திருக்கை முள் பாதத்தில் ஏறி, அழுதுகொண்டே வந்தார். பொறுக்கிற அளவு வெந்நீரில் ஒரு மணி நேரம் காலை வைக்கச் சொன்னேன். அந்த விஷம் சூட்டில் அடங்கும். முள்ளை எடுத்து, டி.டி. ஊசி போட்டு, "உள்ளே துண்டு இருக்கலாம், நாளைக்கே ராமநாதபுரம் போய் எக்ஸ்ரே எடுங்க" என்றேன். அவர் போகவில்லை. தடைக்காலம் முழுக்க வருமானம் இல்லாதவர், கடலுக்குப் போகாமல் எப்படி இருப்பார்? புண் சீழ் வைத்து, கடைசியில் மதுரையில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

வக்கீல் நோட்டீஸ் வந்தது. எக்ஸ்ரே எடுக்க டாக்டர் சொல்லவே இல்லை என்றிருந்தது. என் மேஜையில் இரண்டு நோட்டு. ஃபீஸ் பாக்கியை எழுதும் கடன் நோட்டில் அவர் பெயருக்கு நேரே தேதி வாரியாக எழுதி, பாக்கி 350 ரூபாய் என்றிருந்தது. ஓ.பி. நோட்டில் "பாதத்தில் காயம், டி.டி." என்று ஒரே வரி. நான் சொன்னது உண்மை. அதைக் காட்ட என்னிடம் ஓர் எழுத்துகூட இல்லை. பேசி, ஒரு தொகை கொடுத்து முடித்தேன். பணம் போனதைவிட, 350 ரூபாயை எழுதிய கை எக்ஸ்ரேயை எழுதவில்லையே என்பதுதான் பல நாள் உறுத்தியது.

அதற்கப்புறம் என்ன சொன்னேன், அவர் என்ன பதில் சொன்னார் என்று இரண்டையும் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்தோ கைரேகையோ வாங்குவேன். "எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். தொழிலுக்குப் போயாக வேண்டும் என்கிறார்." இரண்டு வரி, அவ்வளவுதான். ஒரு நகலை அவரிடமே கொடுத்துவிடுவேன். வீட்டில் யாராவது படித்துவிட்டு மறுநாள் கையோடு எக்ஸ்ரேக்கு அழைத்துப் போனதும் உண்டு. எழுத்து நமக்குக் காப்பு என்பதைவிட இதுதான் எனக்குப் பெரிது. புரியாத ஆங்கிலப் படிவத்தில் வாங்கும் கையெழுத்தைச் சம்மதமாக நான் எண்ணுவதில்லை.

சிறை பயம் வேண்டாம். 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், மிக மோசமான அலட்சியம் இருந்தால்தான் குற்ற வழக்கு, அதற்கும் முன்னால் வேறொரு டாக்டரின் கருத்தை வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எனக்குக் கவலை உங்கள் நாற்பது லட்சத்தைப் பற்றித்தான். வங்கி மாதத் தவணையைக் கணக்குப் போடும்போது தை மாசியைப் பார்த்துப் போடும். நீங்கள் மே மாதத்தைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு ஓடாது. ஊரில் காசு புழங்காது, காய்ச்சல் மட்டும் வரும். அந்த இரண்டு மாதமும் கட்ட முடிகிற தவணைக்கு மேல் வாங்காதீர்கள். ஸ்கேன் இப்போது வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் செய்ய உங்கள் படிப்போடு ஆறு மாதப் பயிற்சி வேண்டும், மெஷினுக்குப் பதிவு வேண்டும், ஒவ்வொருவருக்கும் 'எஃப்' படிவம் நிரப்ப வேண்டும். போதாததற்கு உப்புக்காற்று, என் ஸ்டெரிலைசரின் திருகுகள் துருவேறி உதிர்ந்ததைப் பார்த்தவன் நான்.

கிளினிக் பதிவு, மருத்துவக் கழிவை எடுத்துப் போவதற்கான ஒப்பந்தம் இரண்டையும் திறப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ரத்தம் பட்ட பஞ்சு போன்ற கழிவைப் போடும் மஞ்சள் பையை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கழிவு எடுக்கும் வண்டி உங்கள் ஊர் வரை வருமா என்று இப்போதே விசாரியுங்கள்.

ஒருநாள் மண்டபம் வாருங்கள். அந்த இரண்டு நோட்டும் இன்னும் என்னிடம் இருக்கின்றன, காட்டுகிறேன்.