பழைய மினி பிசியில் விபிஎன் ஓடுமா?

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் ஷீட் கடை, மார்த்தாண்டத்தில் குடோன். இரண்டு இடத்திலும் 50 எம்பிபிஎஸ் லைன். டேலி கணக்கு மென்பொருளை விபிஎன் (இரண்டு இடத்துக்கும் நடுவே நெட் வழியாகப் போடும் பூட்டிய தனிப் பாதை) வழியாக இணைக்க வேண்டும். குடோனில் மினி பிசி ஒன்று இருக்கிறது. கடைக்கும் செலரான் ஜே1900 பிராசசர் போட்ட பழைய மினி பிசி ஒன்று பார்த்தேன், 4,500 ரூபாய். இன்னொரு கடைக்காரர், "அதில் ஏஇஎஸ் வசதி கிடையாது, நெட் இழுக்கும். புது என்100 பிராசசர் போட்டது எடுங்க, 13,000" என்கிறார். எதை வாங்க?

பதில்: அவர் சொன்னதில் பாதி உண்மை. ஜே1900-இல் அந்த வசதி கிடையாதுதான். ஆனால் அதனால் உங்கள் நெட் இழுக்காது.

ஏஇஎஸ் என்பது தகவலைப் பூட்டும் முறை. 128 பிட் சாவி என்றால் ஒவ்வொரு துண்டையும் 10 சுற்று கலக்க வேண்டும், 256 பிட் என்றால் 14. சாதாரண பிராசசர் ஒரு சுற்றுக்கே பல கட்டளைகளைச் செலவழிக்கும். 2010 முதல் வந்த இன்டெல் சிப்கள் பலவற்றில் இதற்கென்றே தனிக் கட்டளைகள் உண்டு; ஒரு சுற்றுக்கு ஒன்று போதும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதைக் கண்டுகொண்டு தானாகப் பயன்படுத்தும்.

ஆனால் இது பூட்டுகிற வேலைக்கு மட்டும். நீங்கள் யூடியூப் பார்க்கும்போது பூட்டுவதும் திறப்பதும் உங்கள் போன். நடுவில் ரவுட்டராக இருக்கும் மினி பிசி, ஒட்டிய கவரைப் பிரிக்காமல் கொடுக்கும் தபால்காரர் மாதிரி. விபிஎன் போட்டால்தான் அதற்கே பூட்டுகிற வேலை வரும்.

அங்கேயும் எந்த விபிஎன் என்று பாருங்கள். 2020-இல் லினக்ஸ் 5.6-உடன் சேர்ந்து வந்த வயர்கார்ட் ஏஇஎஸ்ஸையே தொடாது. அது சாச்சா20 என்ற வேறு பூட்டு, சாதாரண பிராசசரிலும் வேகமாக ஓடும். டேலிக்கும் 50 எம்பிபிஎஸ்ஸுக்கும் ஜே1900 தாராளம். இரண்டு முனையிலும் வயர்கார்ட் போடுங்கள், 4,500-க்கே வாங்குங்கள். பெரும்பாலும் ஏஇஎஸ் பூட்டையே பயன்படுத்தும் ஐபிசெக் என்ற இன்னொரு விபிஎன் முறைதான் வேண்டும், நாளைக்கு ஜிகாபிட் லைன் எடுப்பேன் என்றால் மட்டும் என்100.

"ஐ3 தானே, எல்லாம் இருக்கும்" என்று பழைய டெஸ்க்டாப்பைத் தள்ளிவிடப் பார்த்தாலும் நம்பாதீர்கள். நாகர்கோவிலில் ஒரு கடையில் நானே ஏமாறப் பார்த்தேன். இரண்டாம் தலைமுறை டெஸ்க்டாப் ஐ3-இல் இந்த ஏஇஎஸ் வசதி கிடையாது, நான்காம் தலைமுறையில் உண்டு. லினக்ஸ் பென்டிரைவ் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். கடையிலேயே பூட் செய்து டெர்மினலில் 'எல்எஸ்சிபியு' (lscpu) என்று அடித்தால் வரும் நீண்ட பட்டியலில் ஏ, இ, எஸ் மூன்றும் சேர்ந்து (aes) தனிச் சொல்லாக நிற்கிறதா பாருங்கள். சில மதர்போர்டில் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) அணைத்து வைத்திருப்பார்கள், அதையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், பில்லில் பிராசசர் மாடலை எழுதித் தரச் சொல்லுங்கள். வெறுமனே 'மினி பிசி 1' என்று எழுதினால், பிறகு போய்ச் சண்டை போட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.