கேட்கிற இருதயம்

கேள்வி: நீதியாய் ஆள ஞானம் வேண்டும் என்று இஸ்ரவேலின் ராஜா சாலொமோன் கேட்டார், கடவுளும் கொடுத்தார். அப்புறமும் அவருடைய ஆட்சி ஏன் ஜனங்கள் முறையிடும்படி முடிந்தது? ஜெபம் பலிக்கவில்லையா?
(வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: பலித்தது. அவர் கேட்டது என்ன என்பதைத்தான் நாம் சரியாகக் கவனிப்பதில்லை. 'ஞானமுள்ள இருதயம்' என்று நம் வேதாகமத்தில் படிக்கிறோம். எபிரெயத்தில் அது 'லேவ் ஷோமேயா', அதாவது கேட்கிற இருதயம். போக்கு வரவு அறியாத சிறுபிள்ளை என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ராஜா, கிபியோன் என்ற ஊரில் கண்ட சொப்பனத்தில், ஜனங்களின் வழக்கை விசாரிக்கக் காது வேண்டும் என்று கேட்கிறார். நீடித்த ஆயுசையோ ஐசுவரியத்தையோ சத்துருக்களின் உயிரையோ கேட்கவில்லை.

அந்தக் காது வேலை செய்ததை அதே அதிகாரத்தில் (1 இராஜாக்கள் 3) பார்க்கலாம். வழக்கோடு வந்தவர்கள் இரண்டு வேசிகள். வீட்டில் வேறு யாரும் இல்லை, சாட்சி கிடையாது. ஒரு பிள்ளை செத்துவிட்டது, ஒன்று உயிரோடு இருக்கிறது. உயிரோடிருக்கிற பிள்ளையை இரண்டாக வெட்டிக் கொடுங்கள் என்று ராஜா வாளைக் கேட்டது நம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தைப் படித்துப் பாருங்கள். 'உயிரோடிருப்பது என் பிள்ளை, செத்தது உன் பிள்ளை என்று இவள் சொல்கிறாள். அப்படியல்ல, செத்தது உன் பிள்ளை, உயிரோடிருப்பது என் பிள்ளை என்று அவள் சொல்கிறாள்' என்று இரண்டு பேர் வாதத்தையும் ராஜா தன் வாயால் திருப்பிச் சொல்கிறார். ஊர் மதிக்காத இரண்டு பெண்கள் சொன்னதில் ஒரு சொல்லும் சிந்தவில்லை. எனக்கு அந்த வாளைவிட இந்த வசனம்தான் பெரிது.

சரி, பிறகு என்ன ஆயிற்று? அந்நிய ஸ்திரீகள் அவர் இருதயத்தைத் தங்கள் தேவர்களிடம் சாய்த்தார்கள் என்று 11-ம் அதிகாரம் சொல்கிறது. கேட்பதற்கென்று வாங்கிய அதே இருதயம்தான் சாய்ந்தது. ஆனால் அதற்கு வெகு முன்பே ஜனங்களின் முதுகில் பாரம் ஏறிவிட்டது. லீபனோனில் மரவேலைக்கு 30,000 பேரைப் பிடித்து, மாதம் 10,000 பேராக முறைவைத்து அனுப்பினார்கள். ஆலயம் கட்ட 7 வருஷம், ராஜாவின் அரமனைக்கு 13 வருஷம். அத்தனை வருஷமும் வேலைக்குப் போனவர்களின் முறையீட்டை ராஜா விசாரித்ததாக ஒரு வரி கிடையாது.

ராஜாவானவன் கடவுள் கொடுத்த சட்டமாகிய நியாயப்பிரமாணத்தைத் தனக்கென்று ஒரு பிரதி எழுதி, உயிரோடிருக்கும் நாளெல்லாம் வாசிக்க வேண்டும் என்கிறது உபாகமம் 17. நாளெல்லாம் என்றுதான் இருக்கிறது. கிபியோனில் ஓர் இரவு கேட்டதை வைத்து ஆயுசு முழுக்க ஆண்டுவிடலாம் என்று அதில் எங்கும் இல்லை. ஆள்கிறவர்களுக்காக ஜெபிக்கும்போது நாமும் பதவியேற்கும் நாளோடு நிறுத்திக்கொள்கிறோம். அது எனக்கு வருத்தம்.

சாலொமோன் இறந்தபின் இஸ்ரவேலர் சீகேமில் கூடி, 'உம்முடைய தகப்பன் வைத்த நுகத்தை லகுவாக்கும்' என்று அவர் மகன் ரெகொபெயாமிடம் கெஞ்சினார்கள். இணங்கிப் பேசுங்கள் என்று முதியோர் ஆலோசனை சொன்னார்கள். மகன் செவிகொடுக்கவில்லை. பத்துக் கோத்திரம் பிரிந்தது. அதன்பிறகும் அவர்களிடம் அவன் அனுப்பிய ஆள் யார் தெரியுமா? கட்டாய வேலைக்கு மேற்பார்வைக்காரனாக இருந்த அதோராம். ஜனங்கள் அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள்.